மூன்றாவது பொட்டு

காலையில் பட்டாசு ஆலை வாசலில் வரிசையாக நின்று எச்சில் துப்புகிற கூட்டத்தைப் பார்த்தால் வெள்ளத்தாய்க்குச் சிரிப்பாணி பொத்துக்கொண்டு வரும். நானூறு பேர். ரோட்டில் துப்பினால் அபராதம், இங்கே துப்பாவிட்டால் வேலை இல்லை. எச்சிலுக்கும் இடம் பார்த்து மரியாதை கொடுக்கிற நாடு என்பாள். சொல்லிவிட்டு அவளும் வரிசையில் நின்று துப்புவாள். அதுதான் அவளுக்கு இன்னும் கடுப்பு.

வாசல் சீட்டுச் சட்டம் வந்து நாலு வருசம் ஆகியிருந்தது. சீட்டு என்பது தீப்பெட்டி அளவில் ஒரு வெள்ளைத் தாள். நடுவில் ஒரு வட்டம், அதிலிருந்து மூன்று பாதை பிரிந்து மூன்று மஞ்சள் பொட்டில் போய் முடியும். முதல் பொட்டு நுரையீரல், இரண்டாவது ஈரல், மூன்றாவது சிறுநீரகம். வட்டத்தில் துப்பினால் எச்சில் தானாக ஊறிப் பாதை வழியே நடந்து போகும். பொட்டு மஞ்சளாக நின்றால் நல்ல உடம்பு. சிவந்தால் அந்த உறுப்பு கெட்டுவிட்டது. கரண்டு வேண்டாம், ஊசி வேண்டாம். வாட்சுமேன் தவசி சீட்டை நீட்டுவார். நல அதிகாரி பிரேம்குமார் பார்த்து முத்திரை குத்துவார். முதல் நாள் மந்திரி வந்து, இனிமேல் தொழிலாளியின் உடம்பே தொழிலாளிக்காகப் பேசும் என்றார். கைதட்டினார்கள். கைதட்டச் சொல்லித்தான் லாரியில் ஏற்றி வந்திருந்தார்கள்.

அந்தச் சட்டத்தில் ஒரே ஒரு வரி மனுசன் எழுதின வரி. வேலையில் இருப்பவருக்கு வாசலில் பொட்டு சிவந்தால், குணமாகும்வரை வைத்தியம் ஆலையின் பொறுப்பு. அதற்கு அடுத்த வரியை வேறு யாரோ எழுதியிருக்கிறான். புதிதாக வேலைக்கு எடுக்கும் நாளில் சிவந்தால் எடுக்க வேண்டியதில்லை. ஆலையில் ஒப்பந்தம் கார்த்திகையில் தொடங்கும், தீபாவளிக்கு முந்தின நாள் முடியும். பதினைந்து நாள் கழித்து எல்லாரும் திரும்பவும் புது ஆள். வெள்ளத்தாய் முப்பத்தெட்டு வயசில் சாயங்கால வகுப்பில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றவள். வாசல் போர்டில் ஒட்டியிருந்த இந்த இரண்டு வரியையும் விரல் வைத்துப் படித்தவள் அந்த நானூறு பேரில் அவள் ஒருத்திதான். பிறந்ததிலிருந்து படித்தவர்களெல்லாம் போர்டுக்குக் கீழே சைக்கிள் நிறுத்தினார்கள்.

நாலு வருசமாக ஒரு கூத்து நடந்தது. ஒப்பந்தம் இருக்கிற மாசமெல்லாம் சளி பிடித்தவனுக்கு முதல் பொட்டு சிவக்கும். ஆலை ஒரு பாட்டில் மருந்து கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொள்ளும். மூன்றாவது பொட்டு மட்டும் ஒருத்தருக்கும் சிவக்காது. கார்த்திகையில் ஆள் எடுக்கிற அன்றைக்கு மட்டும் முப்பது நாற்பது பேருக்கு அது ரத்தச் சிவப்பாகும்.

"தீபாவளி லீவுல கறியும் எண்ணெய்ப் பலகாரமும் மூக்கு முட்டத் தின்னா சிறுநீரகம் என்ன பண்ணும்?" என்று பிரேம்குமார் கேட்பார். "வீட்டுல போய் நோயை வாங்கிட்டு வந்து ஆலை தலையில கட்டப் பாக்குறீங்க."

ஆமாம் சார் என்று தலையாட்டி வீட்டுக்குப் போவார்கள். அப்படிப் போன காளிராசன், ரெண்டு அதிரசம் கூடத் தின்னுட்டேன் மதினி என்று அவளிடமே சொல்லி அழுதான். ஆறு மாசத்தில் செத்தான். பேரியத்தையும் ஈயத்தையும் பதினெட்டு வருசம் மூச்சில் இழுத்தவன் அதிரசத்தால் செத்தான் என்று நம்புகிற ஊருக்கு எந்தச் சீட்டும் அதிகம்தான் என்று வெள்ளத்தாய் நினைத்தாள்.

இப்போது அவள் வீட்டுக்காரர் குருவையாவின் கால் வீங்கியிருந்தது.

அவர் மருந்து கலக்குகிற அறையில் வேலை. பச்சை மத்தாப்புக்குப் பச்சையும் சிவப்புக்குச் சிவப்பும் அவர் கையில்தான் பிறக்கும். காலையில் எழுந்தால் முகம் ஊதியிருக்கும். கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினால் பள்ளம் அப்படியே நிற்கும்.

"குழி விழுதே, தெரியலயா?"

"சீட்டு மஞ்சளா இருக்குல்ல. பொறவென்ன?"

"கால் உங்க காலா, சீட்டோட காலா?"

"ஏட்டி, ஆசுபத்திரிக்கும் போயாச்சு. அங்கயும் வாசல் சீட்டத்தான கேக்குறான். மஞ்சள்னா அனுப்பி வச்சிருதான். டாக்டரே நம்புறத நீ நம்ப மாட்டியோ?"

"டாக்டர் கால்ல குழி விழலயே."

தீபாவளிக்கு இன்னும் பதினெட்டு நாள் இருந்தது. அதற்குள் வாசலில் சிவந்தால் அவருக்கு வைத்தியம் உண்டு. அதைத் தாண்டிவிட்டால் காளிராசனுக்கு நடந்ததுதான்.

தெருக்கோடியில் ஜெபக்கனி இட்லி மாவு விற்றுக்கொண்டிருந்தாள். அதற்கு முன்னால் பதினோரு வருசம் லேப்பில் ரத்தம் எடுத்தவள். சீட்டு வந்தபிறகு லேப்புக்கு ஆள் வரவில்லை. இழுத்து மூடிவிட்டார்கள்.

"யக்கா, அதுல பெரிய வித்தை ஒண்ணும் இல்ல," என்றாள் மாவை அள்ளிக்கொண்டே. "சிறுநீரகம் கெட்டா யூரியான்னு ஒரு உப்பு வெளியே போகாம ரத்தத்துல தேங்கும். எச்சில்லயும் ஏறும். பச்சைக் கொள்ளுல ஒரு சத்து இருக்கு. யூரியாவக் கண்டா அத உடைச்சுக் காரமாக்கிரும். காரம் பட்டா மஞ்சத்தூள் என்ன ஆகும்?"

"சிவக்கும். ஆரத்தி கரைக்கிறோமே, சுண்ணாம்பு போட்டு."

"அவ்வளவுதான் மூணாவது பொட்டு."

"கொள்ளும் மஞ்சளுமா! இதத் திறந்து வைக்கவா மந்திரி வந்தான்?"

"தாள்தான் சூட்சுமம். பாதைக்கு ரெண்டு பக்கமும் மெழுகு ஊறியிருக்கணும். மெழுகு கரை, தாள் வாய்க்கா. எச்சில் கரைய மீறாம ஓடிப்போய்ச் சேரணும்."

மெழுகு என்றதும் வெள்ளத்தாய்க்குக் கை அரித்தது. பட்டாசுக்கு வருமுன் பதினைந்து வருசம் தீப்பெட்டி ஆபீசில் குச்சியை மெழுகில் முக்கி எடுத்தவள். சூடு கூடினால் மெழுகு தண்ணியாய்ச் சிதறும், குறைந்தால் குச்சிமேல் சட்டை மாதிரி நிற்கும், உள்ளே இறங்காது. அந்தச் சூட்டை முகத்தில் படுகிற ஆவியை வைத்தே சொல்லுவாள். அந்த வேலைக்குப் படிப்பு வேண்டாம் என்றுதான் அன்றைக்கு மேஸ்திரி அவளை எடுத்தான்.

"இன்னொண்ணு யக்கா. எல்லா எச்சில்லயும் கொஞ்சம் யூரியா இருக்கத்தான் செய்யும். நல்ல உடம்புக்காரங்க எச்சில வச்சுப் பாத்து, அது மஞ்சளாவே நிக்கிற அளவுக்குக் கொள்ளுத் தண்ணிய மேல தண்ணி ஊத்தி நீத்துக்கிடணும். வேணும்னா என் எச்சில எடுத்துக்கோ."

"ஏன், என் வாயி வத்தியா கெடக்கு? நான் பேறுகாலத்துக்குத் தவிர ஆசுபத்திரிப் படி ஏறுனவ இல்ல. மாவுக்காரி எச்சிலுக்குக் கையேந்தணுமாக்கும்."

"திமிருக்கு ஒரு பொட்டு இருந்தா உனக்குத்தான் மொத சிவக்கும்," என்று சிரித்தாள் ஜெபக்கனி.

ஞாயிற்றுக்கிழமை அடுப்படியில் வேலை தொடங்கியது. காலண்டர் தாளில் எச்சில் சேம்பு இலைத் தண்ணி மாதிரி உருண்டு நின்றது. நோட்டுத் தாளில் ஊறவே பத்து நிமிசம். கடைசியில் பலகாரக் கடையில் எண்ணெய் உறிஞ்சப் போடுகிற தடித்தாள் சரிப்பட்டது. ஒரு சொட்டு விட்டால் குடித்துவிட்டுத்தான் மறுவேலை.

மெழுகுதான் படுத்தியது. மெழுகுவர்த்தியால் கோடு போட்டாள். மேலோடு நின்று அடியில் எச்சில் கசிந்தது. அதன்மேல் இஸ்திரிப் பெட்டியை வைத்தாள். மெழுகு தாள் முழுக்கப் பரவிப் பாதையையே அடைத்தது. குருவையா கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு கேலி பண்ணினார்.

"ஆபீசரம்மா, விஞ்ஞானம் முடிஞ்சா கஞ்சி ஊத்துறியா?"

"கஞ்சிக்கு என்ன, வாய்தான் கெடாம இருக்கே உங்களுக்கு."

அப்போதுதான் பரணில் அச்சு முறுக்கு அச்சு கண்ணில் பட்டது. கம்பிப் பிடி, நுனியில் பூ மாதிரி இரும்பு. முறுக்குக்கு எண்ணெயில் காயவைத்து மாவில் முக்குவாள். இதற்கு மெழுகில் காயவைத்துத் தாளில் குத்தினாள். ஆவி கன்னத்தில் சுள்ளென்று படும் நேரம் பார்த்து ஒரே குத்து. இரும்பின் சூட்டில் மெழுகு தாளின் முதுகு வரைக்கும் இறங்கிப் பூவாக நின்றது. அழகுக்குக் குறையில்லை. இதழ் நுனியில் மஞ்சளும் கொள்ளுத் தண்ணியும் தொட்டுக் காயவைத்து நடுவில் துப்பினாள்.

எச்சில் நடுவிலேயே குளம் கட்டி நின்றது. இதழுக்குப் போகவில்லை.

ஏன் என்று தெரியாமல் தாளை ஜன்னல் வெயிலுக்கு நேரே பிடித்தாள். மெழுகு ஊறிய கோடெல்லாம் எண்ணெய்க் கறை மாதிரி கண்ணாடியாய்த் தெரிந்தது. நடுவைச் சுற்றி ஒரு முழு வளையம். அந்த அச்சுக்கு நடுவில் வளையம் உண்டு, அதுவும் மெழுகாகப் பதிந்து வாசலை அடைத்திருந்தது. சே, என்று தாளைக் கசக்கப் போனவள் நிறுத்தினாள்.

குருவையா தன் வாசல் சீட்டுகளை அரிசி டின்னில் போட்டு வைத்திருந்தார். முத்திரை குத்திய மஞ்சள் சீட்டுகள். உடம்பு நன்றாக இருக்கிறதற்கு அவர் சேர்த்து வைத்த சொத்து. அதில் ஒன்றை எடுத்து வெயிலில் பிடித்தாள். முதல் பாதை திறந்திருந்தது. இரண்டாவது திறந்திருந்தது. மூன்றாவது பாதையில், பொட்டுக்கு நெல்மணி அகலம் முன்னால், மயிரிழை போல ஒரு மெழுகுக் கோடு குறுக்கே கிடந்தது. இன்னொன்று எடுத்தாள். அதிலும். டின்னையே கவிழ்த்தாள். அத்தனையிலும்.

அவர் எச்சில் ஒரு நாள்கூட அந்தப் பொட்டைத் தொட்டதே இல்லை.

காளிராசன் பெண்டாட்டி வீட்டுக்கு நடந்தாள். அவள் புருசனின் சிவந்த சீட்டை இறப்புச் சான்றிதழோடு ஒரே பிளாஸ்டிக் பையில் வைத்திருந்தாள். வெயிலில் பிடித்தபோது மூன்றாவது பாதையில் கோடு இல்லை.

"ரெண்டு கட்டு அடிக்கிறான் ஜெபக்கனி. வேலைக்கு எடுக்கிற அன்னைக்குத் திறந்த கட்டு, வேலை வாங்குற நாளெல்லாம் அடைச்ச கட்டு. நோயக் கண்டுபிடிக்கத் தெரியாம இல்ல. எப்பக் கண்டுபிடிக்கணும்னு தெரிஞ்சிருக்கு."

ஜெபக்கனி மாவுப் பாத்திரத்தை மூடி வைத்தாள். பிறகு, "யார்ட்ட போய்க் காட்டுவ? சீட்ட அச்சடிக்கிறவன்ட்டயா?" என்றாள்.

"அந்தச் சீட்டே வாசல்ல சிவக்கணும். அவன் குடுத்த தாளு, அவன் கண்ணு முன்னால. அப்பத்தான சட்டம் பேசும்."

அந்த மெழுகுக் கோட்டை எப்படித் தாண்டுவது? அடுத்த வாரம் முழுக்க அதே யோசனை. அச்சின் நடு வளையத்தில் அரத்தால் வாசல் ராவி விட்டாள். வீட்டுச் சீட்டு ஒழுங்காக ஓட ஆரம்பித்தது. முதலில் தன் எச்சிலை வைத்தாள். பொட்டு பளிச்சென்று சிவந்தது. கொள்ளுத் தண்ணி கெட்டி என்று சலித்துக்கொண்டு நீத்தாள். திரும்பவும் சிவந்தது. இன்னும் நீத்தாள். ஆறாவது தடவை நீத்தபிறகு மஞ்சளாக நின்றது. குழம்பில் உப்புக் கூடினால் தண்ணி விடுகிற கணக்குத்தானே, அவளுக்கென்ன தெரியாததா. அந்த அளவில் குருவையாவைத் துப்பச் சொன்னாள். குங்குமம் மாதிரி சிவந்தது.

அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு குனிந்து தன் கணுக்காலைத் தானே அழுத்திப் பார்த்தார்.

மடிக்கிற வழி கை தானாகக் கண்டுபிடித்தது. பட்டாசுக்காரி கையில் தாள் சும்மா இருக்காது. குருவையா துப்பிய ஈரச் சீட்டு ஒன்றை யோசனையில்லாமல் மடித்து வைத்திருந்தாள். பிரித்தால், நடு வட்டம் எங்கே தொட்டதோ அந்தப் பொட்டு சிவந்திருந்தது. பாதை எதற்கு? பொட்டையே மடக்கிக் கொண்டுவந்து எச்சில் மேல் வைத்தால் போயிற்று. வெடிக்குத் தாள் குழாய் சுருட்டுகிற நானூறு பேருக்கும் கண்ணை மூடிக்கொண்டு வருகிற ஒரு மடிப்பு. இவ்வளவு படித்தவன் பூட்டிய பூட்டு, ஒரு மடிப்புக்குத் தாங்கவில்லை.

சேதி தெருவுக்குத் தெரிந்தது. சாயங்காலங்களில் ஆள் வர ஆரம்பித்தார்கள். முதல் நாள் சிரிக்க வந்தார்கள், இரண்டாம் நாள் துப்ப வந்தார்கள். நாற்பத்தாறு பேர் துப்பினதில் ஒன்பது பேருக்குச் சிவந்தது. அந்த ஒன்பது பேருக்கும் மடிப்பைக் காட்டிக் கொடுத்தாள்.

"மடிச்சா அடுத்த வருசம் எடுக்க மாட்டானே மதினி?"

"அடுத்த வருசம் நீ இருந்தாத்தானடா எடுக்கிறதுக்கு."

மற்ற முப்பத்தேழு பேரை அவள் வைத வசவு கொஞ்சமில்லை. குறுக்குப் பிடிக்குது, மூச்சு வாங்குது என்று வந்த பாக்கியத்திடம் மஞ்சள் பொட்டை ஆட்டிக் காட்டினாள். "ஒனக்கு ஒரு மண்ணும் இல்ல. அடுத்தவளுக்கு வந்தா தனக்கும் வந்த மாதிரி முனங்குறது. போயி அதிரசத்துக்குப் பாகு வையி."

"நானும் மடிக்கட்டுமா மதினி, எதுக்கும்?"

"எதுக்கும் மடிக்கிறதுக்கு இது என்ன சேலையா? நல்லாருக்கிறவ மடிச்சு மஞ்சளக் காட்டுனா, எல்லாம் பொய்யின்னு அந்த ஆபீசர் சிரிப்பான். கெட்டுப் போவும் காரியம்."

பாக்கியம் கும்பிட்டுவிட்டுப் போனாள். எதைச் சொன்னாலும் கும்பிடுகிற சனம் என்று வெள்ளத்தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஒன்பது பேரும் தயாராக இருந்தார்கள். குருவையாதான் பின்வாங்கினார். தேதி நெருங்க நெருங்க அவருக்குச் சீட்டின் மேல் விசுவாசம் கூடியது.

"ஆபீசர் சத்தம் போட்டா என்ன செய்ய? பத்தொன்பது வருசம் ஒரு சொல்லு வாங்கினதில்ல நான்."

"கால்ல குழியோட சொல்லு வாங்காம போய்ச் சேருங்க, மாலை போடுவான். சரி, பொம்பள வரிசைல மொத ஆளா நான் நிக்கேன். நான் மடிக்கேன். எனக்கு மஞ்சள்தான் வரும், ஒருத்தனும் ஒண்ணும் சொல்ல முடியாது. மடிச்சா ஆபீசர் கடிக்க மாட்டான்னு பாத்துக்கிட்டுப் பின்னால நீங்க மடிங்க."

"நல்லாருக்கிறவ மடிக்கக் கூடாதுன்னு பாக்கியத்த வைதியே."

"அவளும் நானும் ஒண்ணா?"

தீபாவளிக்கு முந்தின நாள். ஒப்பந்தத்தின் கடைசிக் காலை. இனிப்புப் பெட்டி வாங்கும் ஆசையில் எல்லாரும் சீக்கிரமே வந்திருந்தார்கள். தவசி சீட்டை நீட்டினார். வெள்ளத்தாய் துப்பினாள். மூன்றாவது பொட்டை மடக்கி நடுவில் அழுத்தி, விரலால் நீவி, ஒரு நிமிசம் வைத்திருந்து பிரித்தாள்.

"என்னம்மா செய்ற?" பிரேம்குமார் நாற்காலியிலிருந்து எழுந்தார். "சீட்டைச் சேதப்படுத்தினா கேஸ் போடுவேன்."

"போர்டப் படிங்க சார். துப்பணும், ஒரு நிமிசம் நிக்கணும், கிழிக்கக் கூடாது, தண்ணி படக் கூடாது. மடிக்கக் கூடாதுன்னு எங்க போட்டுருக்கு? நான் விரல் வச்சுப் படிச்சவ. ஒரு எழுத்து விட்டிருக்க மாட்டேன்."

வரிசையில் சிரிப்பு கிளம்பியது. பிரேம்குமார் சீட்டைப் பிடுங்கிப் பார்த்தார். அவர் முகம் மாறியது. முதலில் பயம். பிறகு, இவளுக்கே தெரியாது என்று கண்டுகொண்ட ஒரு நிதானம். சீட்டைத் திருப்பி அவளிடமே காட்டினார்.

பொட்டு குங்குமமாய்ச் சிவந்திருந்தது. குருவையாவுக்கு வந்ததைவிடக் கறுத்த சிவப்பு.

"சந்தோசமா?" என்றார்.

அதை அவர் கையிலிருந்து வாங்கினாள். தாளை வெயிலில் பிடித்தாள். ஆலைத் தாள்தான். ஆலைப் பொட்டுதான். இதற்கு யாரும் தண்ணி விட்டு நீத்திருக்கவில்லை.

ஆறு தடவை.

எதிர் வரிசையில் குருவையா அவள் கையிலிருந்ததைப் பார்த்தார். தவசியிடம் சீட்டை வாங்கித் துப்பி, எல்லாரும் பார்க்க அதை மடித்தார். அவருக்கு அப்புறம் அந்த ஒன்பது பேரும் மடித்தார்கள். போர்டில் எழுதியிருந்ததால் முத்திரை குத்தித்தான் ஆக வேண்டும். பிரேம்குமார் பல்லைக் கடித்துக்கொண்டு பதினொரு சிவப்புக்கும் முத்திரை குத்தினார். பதினொரு பேரையும் ஆசுபத்திரி வேன் வரும்வரை ஓரமாக நிற்கச் சொன்னார்.

வரிசை நகர்ந்தது. மற்றவர்கள் துப்பினார்கள், தட்டையாக நீட்டினார்கள், மஞ்சள் காட்டி உள்ளே போனார்கள். முன்னென்றால் ஆட்டு மந்தை என்று காறித் துப்பியிருப்பாள். வாய் உலர்ந்து கிடந்தது. அவள் அடுப்படியில் மஞ்சள் கண்ட முப்பத்தேழு முகமும் அந்த வரிசையில் ஒவ்வொன்றாகக் கடந்தன.

"மடிங்க!" என்று கத்தினாள். "ஏ, எல்லாரும் மடிங்க! என் சீட்டு தப்பு! நான் என் எச்சில வச்சு அளவு பாத்துட்டேன்! கேக்குதா, மடிங்க!"

சிலர் திரும்பினார்கள். தனக்கு வந்த ஆத்திரத்தில் ஊரையே இழுத்துவிடப் பார்க்கிறாள் என்று யாரோ சொன்னார்கள். பாக்கியம் கடைசியாக நின்றாள். இடுப்புக் குறுக்கில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு சீட்டில் துப்பி நீட்டினாள்.

"பாக்கியம், மடிடீ! உன் கால்ல விழுதேன்!"

பாக்கியம் அவளைப் பார்த்து இரக்கமாகச் சிரித்தாள். "எனக்கு ஒண்ணும் இல்ல மதினி. நீங்கதான பாத்துச் சொன்னீங்க," என்றாள்.

முத்திரை விழுந்தது. அவள் உள்ளே போனதும் தவசி கதவைச் சாத்தினார்.